வூட்ஸ்டொக் மேடையேறிய சச்சிதானந்த சுவாமி திருகோணமலைக்காரரா?

திருகோணமலையில் இருக்கும் ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய மகன் நியூயோர்க்கில் ஒரு யோகா நிலையத்துக்குப் போகிறாராம். அங்கே சுவரில் நீண்ட வெண்தாடியோடு ஒரு சுவாமியின் படம். "இவர் உங்கள் ஊரில் இருந்தவர்" என்று அங்குள்ளவர்கள் சொல்ல, மகன் வீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே மூன்று கேள்வி: சச்சிதானந்த சுவாமி திருகோணமலைக்காரரா? விபுலாநந்த அடிகளின் இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்தவரா? இங்கே இருந்தவர் அமெரிக்காவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

பிறப்பால் அவர் எங்கள் ஊர் இல்லை, கோயம்புத்தூர்ப் பக்கத்தவர். ஆனால் 1953இல் ரிஷிகேசத்திலிருந்து இலங்கைக்கு வந்தபோது அவர் பணி தொடங்கிய ஊர் திருகோணமலைதான். பிறகு கண்டிக்குப் போனார். 1966இல் நாட்டைவிட்டுப் புறப்படும்வரை பதின்மூன்று வருடம் அவருக்கு இலங்கைதான் வீடு. அமெரிக்காவில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்தப் பதின்மூன்று வருடத்தை இரண்டு வரியில் கடந்துவிட்டு நேரே நியூயோர்க்குக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்கர்கள் பார்த்து வியந்த சுவாமி அங்கே உருவானவர் அல்ல. முப்பத்தெட்டு வயதில் இங்கே வந்து ஐம்பத்தொன்றில் போனவர். ஒரு மனிதன் தன் வழி இன்னதென்று தீர்மானிக்கும் காலம் அதுதானே.

மேலே போகமுன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இரண்டாவது கேள்வியின் பதில் அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் பகுதியில் 'சிவானந்தர்' என்றதும் பலருக்கு மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் விபுலாநந்தர் கட்டியெழுப்பிய சிவானந்த வித்தியாலயம் நினைவுக்கு வரும். அந்தச் சிவானந்தர் இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேரடிச் சீடர். மிஷனின் இரண்டாவது தலைவராக இருந்து 1924இல் விபுலாநந்தருக்குச் சந்நியாசம் கொடுத்தவர். சச்சிதானந்த சுவாமியின் குருவான சிவானந்தர் வேறு. அவர் திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவில் டொக்டராக வேலைபார்த்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிஷிகேசம் போய், 1936இல் திவ்ய ஜீவன சங்கத்தைத் தொடங்கியவர். வேடிக்கை என்னவென்றால் அவர் சந்நியாசம் வாங்கியதும் அதே 1924இல்தான். போதாக்குறைக்குக் கேரளத்துக் காஞ்சங்காடு ஆனந்தாச்சிரமத்திலும் ஒரு சச்சிதானந்தர் இருந்தார், பப்பா இராமதாசரின் சீடர். படத்தில் இருப்பவர் அவரும் அல்ல.

ஆக, திருகோணமலை இந்துக் கல்லூரியை 1925இல் பொறுப்பேற்று நடத்திய இராமகிருஷ்ண மிஷனும் சச்சிதானந்த சுவாமியை அனுப்பிய திவ்ய ஜீவன சங்கமும் வேறுவேறு நிறுவனங்கள். ஆனாலும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. சிவானந்தரிடம் போகுமுன் அவர் திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறையில், இராமகிருஷ்ண தபோவனத்தில், சித்பவானந்த சுவாமியின் கீழ் பிரமச்சாரியாக இருந்தார். அங்கே அவருக்கு வைத்த பெயர் சாம்பசிவ சைதன்யர். எனவே மிஷன் வாசம் அறவே இல்லாதவர் என்றும் சொல்லமுடியாது.

சரி, அவருடைய கதைக்கு வருவோம். 1914 டிசம்பர் 22ஆம் திகதி கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் பிறந்தார். பெயர் இராமசுவாமி. வசதியான கவுண்டர் குடும்பம். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு, மோட்டார் சைக்கிள் இறக்குமதி செய்யும் குடும்ப வியாபாரத்தில் சேர்ந்தார். பிறகு ஒரு மின்சாரக் கம்பனியில் மனேஜர். அப்போது வயது இருபத்துமூன்று. கலியாணமும் ஆகி இரண்டு ஆண்பிள்ளைகள். சில வருடங்களில் மனைவி இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அவர் இந்தப் பக்கம் திரும்பினார். கொஞ்சக் காலம் பேரூர்க் கோயிலில் நிர்வாகியாக இருந்தார். பழனியில் சாதுக்களோடு, திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் சந்நிதியில், பிறகு திருப்பராய்த்துறை என்று பல இடம் சுற்றினார். கடைசியில் ரிஷிகேசம் போய் 1949 ஜூலையில் சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி 'சச்சிதானந்த சரஸ்வதி' ஆனார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சின்ன வயதிலேயே காவி கட்டிய பிள்ளைச் சாமியார் அல்லர் இவர். இயந்திரம், சம்பளப் பட்டியல், கலியாணம், பிள்ளைவளர்ப்பு, சாவு எல்லாம் கண்டுவிட்டு வந்தவர். பிற்காலத்தில் வெளிநாட்டுப் பெடியன்கள் வந்து வேலை, காதல், பயம் என்று கேட்டபோது அவர் சாஸ்திரத்தைப் புரட்டாமல் நேராகப் பதில் சொன்னார் என்றால், அதற்குக் காரணம் இந்தப் பழைய வாழ்க்கைதான் என்பது என் எண்ணம்.

ரிஷிகேசத்தில் சிவானந்தர் ஒரு தனிப் பாணி வைத்திருந்தார். ஞானமா பக்தியா கருமமா இராஜயோகமா என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது, எல்லாவற்றையும் அளவோடு கலந்து செய்யவேண்டும் என்பார். காலையில் ஆசனமும் பிராணாயாமமும், பகலில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் தொண்டு, மாலையில் கீர்த்தனை. சச்சிதானந்தர் அங்கே அடயோகமும் இராஜயோகமும் கற்பித்தார். பின்னாளில் அமெரிக்காவில் அவர் தம் நிறுவனத்துக்கு 'இன்டெக்ரல் யோகா' என்று பெயர் வைத்தார். அரவிந்தரும் அதே பெயரில் ஒரு நெறி சொன்னவர் என்பதால் சிலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். சச்சிதானந்தருடையது சிவானந்தரின் கலவைதான்.

1953இல் சிவானந்தர் அவரை இலங்கைக்கு அனுப்புகிறார், திருகோணமலையில் சங்கத்தின் பணியை நடத்த. அந்தத் திருகோணமலை எப்படி இருந்தது என்று இன்றைக்கு இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். நாடு சுதந்திரம் பெற்று ஐந்து வருடம் ஆகியிருந்தும் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை இன்னும் இருந்தது, 1957இல்தான் அது கைமாறியது. சுவாமி மலையில் இன்று நாங்கள் கும்பிடும் கோணேசர் கோயில் அப்போது இல்லை. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது பதினேழாம் நூற்றாண்டில். அதன்பின் மலையுச்சியில் பாறையைத்தான் சனம் கும்பிட்டுவந்தது. கர்ப்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கீழே கடலைப் பார்த்து வணங்கிவிட்டு வருவார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது பழைய வெண்கல விக்கிரகங்கள் கிடைத்திருந்தன, ஊர் முழுக்க அதே பேச்சு. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு வந்த மைக் வில்சன் என்ற வெள்ளைக்காரர் சுவாமி மலைக்குக் கீழே கடலில் மூழ்கிச் சிவலிங்கம் ஒன்றைக் கண்டெடுத்தார். 1963இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அந்த மைக் வில்சனும் பிற்காலத்தில் காவி கட்டிச் 'சிவ கல்கி சுவாமி' ஆகிவிட்டார் என்பது தனிக்கதை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சச்சிதானந்தர் வந்திறங்கியது தூங்கிக்கிடந்த ஊருக்கு அல்ல. முந்நூறு வருடத்துக்கு மேலாகக் கோயில் இழந்திருந்த சனம், திரும்பக் கட்டப்போகிறோம் என்ற ஆவேசத்தில் இருந்த நேரம். அப்படியான நேரத்தில் ஒரு சாமியார் வந்தால் 'எங்கள் சமயம், எங்கள் மலை' என்று பேசிக் கூட்டம் சேர்ப்பது மிகச் சுலபம். அவர் அந்த வழியில் போகவில்லை. சிவானந்தரின் சங்கம் எங்கே போனாலும் கொண்டுபோனது ஆசனம், சத்சங்கம், கீர்த்தனை, தொண்டு என்ற நான்கும்தான். யார் வேண்டுமானாலும் வரலாம், சமயம் மாறவேண்டியதில்லை. ஒரு நாளைக்குள் நடந்தே கோணேசரையும் பத்திரகாளி அம்மனையும் பள்ளிவாசலையும் மாதா கோயிலையும் விகாரையையும் பார்த்துவிடக்கூடிய ஊர் எங்களுடையது. இந்த அணுகுமுறைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

கண்டியில் அவருடைய ஆசிரமத்துக்குச் சச்சிதானந்த தபோவனம் என்று பெயர். மலையகம், சுற்றிவரப் பௌத்தம், தோட்டங்களில் 1948 சட்டத்தால் குடியுரிமை பறிபோன இந்தியத் தமிழர். நடுவில் தமிழ்நாட்டுச் சாமியார் ஒருவர். அங்கேதான் குரு பூர்ணிமையை எல்லாச் சமயத்து ஞானிகளையும் நினைக்கும் நாளாகக் கொண்டாடத் தொடங்கினார். புத்தர், இயேசு, நபிகள் என்று எல்லோருக்கும் அன்றைக்கு இடம் உண்டு. வழக்கமாக அது வியாச பூசை நாள். ஆசாரமானவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அவர்கள் முகம்சுளித்ததற்கு வேறு காரணமும் உண்டு. சுவாமி கார் ஓட்டுவார், கையில் மணிக்கூடு கட்டுவார்! காவி உடுத்தவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதா என்று ரிஷிகேசப் பரம்பரையிலேயே சிலர் கேலிசெய்தார்கள். அவர் அசையவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வாகன வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்த மனிதருக்கு இயந்திரத்தில் என்ன தீட்டு? கேள்வி கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்வார், வாதம் செய்தாலும் கோபப்படமாட்டார் என்பதும் அந்தக் காலத்தில் கிடைத்த பெயர்தான். மௌனமும் முறைப்புமாக இருக்கும் சாமிமாரையே பார்த்துப் பழகியவர்களுக்கு அது புதுசு.

இனி மூன்றாவது கேள்வி. இது தற்செயல் என்றுதான் சொல்லவேண்டும். கொன்ராட் ரூக்ஸ் என்ற அமெரிக்கப் படத்தயாரிப்பாளர் இலங்கைக்கு வந்து சுவாமியைச் சந்தித்தார். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர், அதைப் பற்றியே படம் எடுத்துக்கொண்டிருந்தார். சுவாமியைப் பாரிசுக்கு அழைத்தார். 1966இல் பாரிசில் அவரைச் சந்தித்தவர்களில் ஒருவர் பீற்றர் மாக்ஸ், நியூயோர்க்கின் இளம் ஓவியர். "இரண்டு நாள் வந்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டார். சுவாமி போனார். அந்த இரண்டு நாள் இழுபட்டு, அதே வருடம் அங்கே யோகா நிலையம் ஒன்று தொடங்கவேண்டிய அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. 1976இல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

கூட்டம் சேர்ந்ததற்குக் காலமும் ஒரு காரணம். வியட்நாம் யுத்தம், பல்கலைக்கழகங்களில் ஆர்ப்பாட்டம், வீட்டைவிட்டு வெளியேறிய பிள்ளைகள், எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள். அந்தப் பிள்ளைகளை அவர் திட்டவில்லை. போதையில் கிடைக்கும் அமைதி இறங்கிவிடும், மூச்சில் கிடைப்பது இறங்காது, செய்துபாருங்கள் என்கிற தோரணையில்தான் பேசினார். செய்துபார்த்தார்கள். பலர் போதையை விட்டார்கள்.

தலைப்பில் சொன்ன வூட்ஸ்டொக் இசைவிழா பற்றி ஒரு திருத்தம். 'சுவாமி தொடங்கிவைத்தார்' என்று எல்லா இடத்திலும் எழுதுவார்கள். 1969 ஓகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. நியூயோர்க் மாநிலத்தில் பெதல் என்ற ஊரில் ஒரு பால் பண்ணை. வந்த சனம் நான்கு லட்சத்துக்கு மேல் என்று கணக்கு. பாதையெல்லாம் வாகனம் அடைத்து, முதலில் பாடவேண்டியவர்கள் வந்துசேரவில்லை. இருந்தவர்களில் ரிச்சி ஹேவன்ஸ் என்ற பாடகரை முதலில் மேடையேற்றினார்கள். அவருக்குப் பிறகுதான் சுவாமி. ஆகவே ஆசியுரை சொன்னவர் அவர், நிகழ்ச்சியின் முதல் ஆள் ஹேவன்ஸ்.

அன்றைக்கு எடுத்த படங்களில் ஒன்று மேடையின் பின்பக்கமிருந்து எடுத்தது. காவி உடையோடு சுவாமி சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார், நீண்ட தலைமயிர் முதுகில் விழுந்து கிடக்கிறது, முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மனிதத் தலைகள். மேடை ஏறிய வேறு யாராக இருந்தாலும் குரலை உயர்த்தியிருப்பார்கள். அவர் சாவகாசமாக, சகோதரர்களே சகோதரிகளே என்று தொடங்கிப் பேசினார். ஒலிதான் பிரபஞ்சத்தை ஆள்வது, அதை நல்லதற்கும் கெட்டதற்கும் பயன்படுத்தலாம் என்றார். பொருள் விஷயத்தில் உலகத்துக்கு உதவிய அமெரிக்கா இனி ஆன்மிகத்திலும் உதவவேண்டும் என்றார். இந்த விழா நன்றாக நடப்பது உங்கள் ஒவ்வொருவருடைய பொறுப்பு என்றும் சொன்னார். பிறகு 'ஹரி ஓம்' என்று சொல்லிக்கொடுக்க, கூட்டமும் திருப்பிச் சொன்னது. அத்தனை பேர் மழையிலும் சேற்றிலும் மூன்று நாள் கிடந்தும் பெரிய அடிதடி நடக்கவில்லை. அது சுவாமியின் பேச்சால்தான் என்று சொன்னால் பக்தர்கள் சந்தோஷப்படுவார்கள், நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

அதற்குப் பிறகு வந்த புகழை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் இசைக் கலைஞர் அலிஸ் கொல்ட்ரேன் கணவரை இழந்த துயரத்தில் இருந்தபோது சுவாமியிடம் வந்தார். 1971இல் வந்த அவருடைய இசைத்தட்டின் தலைப்பிலேயே சச்சிதானந்தர் பெயர் இருக்கிறது. டீன் ஓர்னிஷ் என்ற அமெரிக்க வைத்தியர் அவரிடம் யோகா கற்றவர். சைவ உணவு, நடை, யோகா, மன ஆறுதல் ஆகியவற்றால் இருதயக் குழாய் அடைப்பைக் குறைக்கலாம் என்று 1990இல் ஆய்வு வெளியிட்டவரும் அவரே. பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்குச் சுவாமி செய்த ஆங்கில விளக்கம் 1978இல் வந்தது, வெளிநாட்டு யோகா ஆசிரியப் பயிற்சிகளில் இன்றும் பலர் படிப்பது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹொட்டேல்களில் வெள்ளைக்காரர் வந்து யோகா வகுப்பு நடத்துகிறார்களே, அவர்களில் சிலர் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அதை எழுதியவர் ஒரு காலத்தில் இந்த ஊரில் இருந்தார் என்பது அவர்களுக்கும் தெரியாது, அந்த வகுப்புக்குப் பாய் விரிக்கும் எங்கள் பெடியனுக்கும் தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரியது வேர்ஜீனியாவின் பக்கிங்ஹாமில் உள்ள 'யோகாவில்' என்ற அவருடைய ஆசிரமமும் அதில் 1986 ஜூலையில் திறந்த தாமரை வடிவக் கோயிலும். உள்ளே நடுவிலிருந்து ஒரு ஒளிக்கற்றை மேலெழுந்து, பிரிந்து, ஒவ்வொரு சமயத்தின் பீடத்துக்கும் இறங்கும். பத்துச் சமயங்களுக்குப் பத்துப் பீடம். உலகில் இருக்கிற மற்றச் சமயங்களுக்கு ஒன்று. இனிமேல் வரப்போகிற, இன்னும் அறியப்படாத சமயங்களுக்கு இன்னொன்று! கண்டியில் குரு பூர்ணிமை அன்று எல்லா ஞானிகளையும் ஒன்றாக இருத்திப் பார்த்தவர், முப்பது வருடம் கழித்து அதையே கல்லிலும் சீமெந்திலும் கட்டியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

மகனுக்கு முழுக்கதையும் சொல்வதானால் இதையும் மறைக்கக்கூடாது. 1990களின் தொடக்கத்தில் அவருடைய முன்னாள் சிஷ்யைகள் சிலர், குரு என்ற இடத்தைப் பயன்படுத்தித் தங்களோடு தகாத முறையில் நடந்துகொண்டார் என்று பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார்கள். சுவாமி மறுத்தார். சிலர் விலகிப்போனார்கள், பலர் அவரோடேயே இருந்தார்கள். பக்தர்கள் எழுதுவதில் பெரும்பாலும் இந்தப் பகுதி இருக்காது. எதிராளிகள் எழுதினால் இதைத் தவிர வேறெதுவும் இருக்காது. அந்தப் பெண்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கடந்துபோவதும் சரியில்லை, அவர் செய்த எல்லாவற்றையும் அதனால் அழித்துவிடுவதும் சரியில்லை என்பது என் நிலை. உங்கள் மகன் பெரிய ஆள், அவரே தீர்மானிக்கட்டும்.

கடைசியாக, கேள்வியின் அடியில் "சமாதி எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா" என்றும் கேட்டிருந்தீர்கள். 2002இல் ஒரு சமாதான மாநாட்டுக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்திருந்தபோது, ஓகஸ்ட் 19ஆம் திகதி காலமானார். வயது எண்பத்தேழு. உடலை வேர்ஜீனியாவுக்குக் கொண்டுபோய் யோகாவில்லில் சமாதி வைத்தார்கள். அந்த இடத்துக்குச் சிதம்பரம் என்று பெயர். மகனுக்கு நியூயோர்க்கிலிருந்து காரில் ஒரு நாள் பயணம். உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. செட்டிபாளையத்திலும் அதே மாதிரி ஒரு தாமரைக் கோயில் கட்டியிருக்கிறார்கள். அடுத்தமுறை பழனிக்குப் போகும்போது கோயம்புத்தூரில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால், பேரூர்க் கோயிலையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.